புளிமாவும் பதின்மூன்று பாணும்

எங்கள் வீட்டு மேசையில் ஒரு போத்தல் பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க நின்றது அந்த வருஷம்தான் முதல் தடவை. அதற்கு முன்பு நான் கொண்டுவந்த போத்தல்கள் வலைக் குவியலுக்குள்ளும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் இருந்தவை. ஒருமுறை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாதா சுரூபத்துக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் என் மனைவி அன்ரோனெற் மணத்தைக் கொண்டே கண்டுபிடித்தாள். அவளுக்கு நண்டுக் கம்பனியில் வேலை. உடைத்தெடுத்த நண்டுச் சதையைத் தட்டுத் தட்டாக மணந்து பார்த்து, நல்லது எது, பழுதானது எது என்று பிரிக்கிறவள் அவள்தான். கம்பனி முதலாளியே அவளுடைய மூக்கோடு வாதாடமாட்டார். நான் மட்டும் இருபத்துமூன்று வருஷமாக வாதாடிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் மரியசீலன். பள்ளிமுனையில் எனக்கு ஒரு வள்ளமும் ஒரு எஞ்சினும் உண்டு. எனக்குக் கடல் தெரியும், வலை தெரியும், கோபப்படத் தெரியும். பாண் சுடத் தெரியாது. அப்படிப்பட்ட ஆள் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் மாவையும் தண்ணீரையும் கலந்து வைத்து, ஒரு மாதமாக அதற்குப் பணிவிடை செய்த கதை இது.

குடியை நான் விட்டது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு விபூதிப் புதன் அன்று. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு என் மகள் மதுஷிகா படிப்பிக்கிற முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்தது. குடித்துவிட்டுப் போய், சின்னப் பிள்ளைகளின் முயல் ஓட்டத்தில் நானும் இறங்கி ஓடி, கோட்டுக்கு இந்தப் பக்கமே குப்புற விழுந்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதுஷிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அன்று பின்னேரம் அன்ரோனெற் இரண்டு பைகளில் உடுப்புகளை அடுக்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள். விடத்தல்தீவில் அவளுடைய தமையன் இருக்கிறார். இன்னும் ஒரேயொரு தடவை வாயில் வைத்தால் தாயும் மகளும் அங்கே போய்விடுவார்கள் என்று சொன்னாள். சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அவள் அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். விபூதிப் புதனிலிருந்து ஆனி பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாள் வரைக்கும் இந்த மனுஷன் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால் பதின்மூன்று பாண் கொண்டுவந்து வைக்கிறேன் என்பது நேர்த்தி. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். நேர்த்தி வைத்தவர்கள் கூடையில் பாண் கொண்டுபோய்ச் சிற்றாலயத்தில் பீடத்தடியில் வைப்பார்கள். பாதர் மந்திரித்ததும் துண்டு துண்டாக வந்தவர்கள் எல்லோருக்கும் பகிர்வார்கள். மற்ற வருஷமென்றால் பேக்கரியில் சொல்லிவைத்தால் போதும்.

அது மற்ற வருஷம் இல்லை. நாடு முழுக்கத் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. காஸ் இல்லை, பால்மா இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கிற சாஹுல் ஹமீட் நானாவிடம் வைகாசி நடுப்பகுதியில் போய்ப் பதின்மூன்று பாண் கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்தபடி கையை விரித்தார்.

"மாவும் வரேல்லை, ஈஸ்டும் வரேல்லை தம்பி. இப்ப இந்த பேக்கரியில இருக்கிறது நானும் பூனையும்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்ரோனெற் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மதுஷிகா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஈஸ்ட் இல்லாமலும் பாண் சுடலாம் அப்பா. மாவையும் தண்ணியையும் கரைச்சு வைச்சு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மா போட்டு வந்தா அது தானாப் பொங்கும்."

"இந்த வீட்டில தானாப் பொங்கிறது நான் மட்டும்தான்."

"பகிடி இல்லை, உண்மை. வெளிநாட்டில எல்லாரும் செய்யினம். அதுக்குப் பேர்கூட வைக்கினம்."

"பேர் வைச்சு, ஞானஸ்நானமும் குடுக்கச் சொல்லு."

அப்படிச் சொன்னேனே தவிர, அந்த இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். கடலுக்குப் போகமுடியாத ஆம்பிளைக்குப் பகல் எவ்வளவு நீளம் என்று அந்த வருஷம்தான் தெரிந்தது. கரையில் சும்மா இருந்தவர்கள் எல்லோரும் பத்து மணிக்கே சாராயத் தவறணைப் பக்கம் நடந்தார்கள். எனக்கும் கால் இருந்தது. அந்தக் காலை வீட்டில் கட்டிவைக்க ஏதாவது ஒரு வேலை வேண்டும். அதுவும் என் குடியை நிறுத்தினதற்கு வைத்த நேர்த்தி, என் கையாலேயே சுட்டால் என்ன என்றொரு ஆசை. அடுத்த நாள் திரும்பவும் நானாவிடம் போனேன். அவர் தன் வீட்டுத் தேவைக்கென்று ஒளித்து வைத்திருந்த மாவிலிருந்து ஐந்து கிலோ அள்ளித் தந்தார். தரும்போது என்னைப் பைத்தியக்காரன் என்றும் சொன்னார்.

மேசையில் போத்தலை வைத்தேன். மா எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிய ஒரு றப்பர் வளையத்தை மாட்டினேன். காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் தீனி. மூன்றாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் மா பொங்கிக் கழுத்துவரை வந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு யாகப்பர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன சீலன், சுறா பட்டதோ?"

நான்காம் நாள் அது அப்படியே அடியில் போய்ப் படுத்துவிட்டது. ஐந்தாம் நாள் அசைவில்லை. ஆறாம் நாள் மணம்கூட இல்லை. செத்த மீனை எனக்குத் தெரியும். செத்த மாவை அன்றுதான் பார்த்தேன். முதலில் பொங்குவது பொய்ப் பொங்கல், பொறுமையாக இருக்கவேண்டும் என்றாள் மதுஷிகா. பொறுமையாக இருக்கச் சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும். ஒரு நாளைக்கு இருபது தடவை போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிள்ளை பிறந்தபோதுகூட நான் தொட்டிலை அவ்வளவு எட்டிப் பார்த்ததில்லை. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இதற்குள் இன்னொரு பிரச்சினை. தீனி போடும் ஒவ்வொரு தடவையும் பழைய மாவில் பாதியை எடுத்துவிடவேண்டுமாம். அன்ரோனெற்றுக்குத் தாங்கவில்லை.

"ஊரே ஒரு றாத்தல் பாணுக்கு வரிசையில நிக்குது, நீங்கள் மாவை அள்ளிக் கோழிக்குப் போடுறியள்!"

அவள் சொல்வதில் பிழை இல்லை. அதன்பிறகு எடுத்த மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு ரொட்டி சுட்டோம். ஒரு கிழமை காலையும் இரவும் அதே புளித்த ரொட்டிதான். மீன் குழம்போடு நன்றாகத்தான் இருந்தது, மூன்று நாளைக்கு.

யாகப்பர் மட்டுமில்லை, வழியில் கண்டவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்.

"ஒரு கோப்பை கள்ளு விடு. விடியப் பொங்கி நிக்கும். அப்பத்துக்கு விடுறேல்லையோ?"

உண்மைதான். எங்கள் ஊரில் அப்பமாவைப் பொங்கவைப்பது பனங்கள்ளுத்தான். ஆனால் விபூதிப் புதனிலிருந்து எங்கள் வீட்டில் அப்பமே இல்லை. கள்ளின் மணம் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அன்ரோனெற்றின் சட்டம். குடியை விட்டதற்கு நன்றி சொல்லக் கள்ளு விட்டுப் பொங்கின பாணைக் கொண்டுபோனால் அந்தோனியாரின் கையில் இருக்கிற குழந்தை யேசுவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

பத்தாம் நாள் காலை நான் கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தபோது, அன்ரோனெற் மேசையடியில் நின்று போத்தலுக்குள் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"என்னடி அது?"

"மந்திரிச்ச தண்ணி."

"எத்தனை நாளா விடுறாய்?"

"ஆறு நாளா. ஒவ்வொரு நாளும் ஒரு மூடி. கனக்க இல்லை."

பாதர் தண்ணீர் மந்திரிக்கும்போது அதில் மந்திரித்த உப்பும் போடுவார். எங்கள் பாதர் கொஞ்சம் தாராளமானவர். நான் விஷயத்தைச் சொன்னதும் சாஹுல் ஹமீட் நானா தலையில் கை வைத்தார். உப்புத் தண்ணீர் இளம் மாவை எழும்பவிடாது என்றார். அதைக் கேட்டு வந்து நான் வீட்டில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். இனி இந்தப் போத்தலில் ஒருவரும் கை வைக்கக்கூடாது, கை வைத்தால் கையை முறிப்பேன் என்று தாய்க்கும் மகளுக்கும் சேர்த்துச் சொன்னேன். மதுஷிகா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, "நீங்கள்தானே அப்பா ஞானஸ்நானம் குடுக்கச் சொன்னீங்கள்," என்றாள். அதற்கும் குதித்தேன்.

குதித்து முடித்து, வள்ளத்தடியில் போய் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த மா பொங்கவேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் ஆசை. பகலில் மாவை வீணாக்குகிறீர்கள் என்று திட்டிவிட்டு, விடியற்காலையில் யாரும் பார்க்காமல் வந்து அந்தோனியாரின் உதவியைக் கேட்டு ஒரு மூடி ஊற்றியிருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. போய் அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபத்தைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நன்றியைச் சொல்லக் கிழமைக்கணக்கில் எடுக்கும்.

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை நானா ஒரு வழி சொன்னார். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் அவருக்குத் தொழில் பழக்கிய மனுஷர், மா மந்தமாகக் கிடந்தால் ஒரு கரண்டி குரக்கன் மா சேர்ப்பாராம். கொதித்து ஆறின நல்ல தண்ணீரும் குரக்கனும் போட்டேன். எட்டாம் நாள் பின்னேரம் போத்தலுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பின. பத்தாம் நாள், தீனி போட்டு நாலு மணித்தியாலத்தில் இரட்டிப்பாக வந்து நின்றது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம். அன்ரோனெற் மெல்லச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

திருநாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை, மண்ணெண்ணெய் வருகிறதாம் என்று சொன்னார்கள். கானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்ற நினைப்பு. வரிசை அசையவே இல்லை. வெள்ளி போய், சனி மத்தியானம்தான் கானில் எண்ணெய் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போத்தலைத் திறந்தேன். கை வைத்தால் முறிப்பேன் என்று நான் சொன்னதால் ஒருவரும் கை வைக்கவில்லை. மாவுக்கு மேல் விரலளவு கறுத்த தண்ணீர். சாராயத் தவறணையின் கதவைத் திறந்தால் எப்படி அடிக்குமோ அப்படியொரு மணம். பசியில் கிடந்த மா அப்படித்தான் மணக்குமாம், அது பிறகு தெரிந்தது. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. கறுத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, உயிர் இருக்கிறதா என்று விரலில் தொட்டு இரண்டு மூன்று தடவை நக்கிப் பார்த்தேன்.

அந்த நேரம் அன்ரோனெற் வேலையால் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"குடிச்சனீங்களோ?"

"இல்லை."

கிட்ட வந்தாள். "வாயில மணக்குது."

"அது மா. தொட்டு நக்கிப் பார்த்தனான். போத்தலை மணந்து பார்."

போத்தலை எடுத்து மணந்தாள். பிறகு என் வாயை. திரும்பவும் போத்தலை. நண்டுத் தட்டை மணக்கிறபோது அவள் முகத்தில் ஒரு நிச்சயம் இருக்கும். அன்று அது இல்லை. கோபத்தை எதிர்பார்த்து நின்ற நான், அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன்.

"எனக்கு வித்தியாசம் தெரியேல்லை," என்றாள். "இருபத்துமூண்டு வருசமா இந்த மூக்கை நம்பித்தான் நான் இந்த வீட்டில இருந்தனான். இப்ப அதையும் அடைச்சுப்போட்டியள். இனி நீங்கள் குடிச்சிட்டு வந்தாலும் மா எண்டுதான் சொல்லுவியள். ரெண்டு நாள் எங்க நிண்டனீங்கள் எண்டு எனக்கென்ன தெரியும்?"

"வரிசையில நிண்டன். கானைப் பார்!"

"கானில எண்ணெய் இருக்கு. ஆனா உங்களுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியேல்லையே." போத்தலை மேசையில் வைத்தாள். "நான் அந்தப் பாணைக் கொண்டுபோய் அந்தோனியாருக்கு முன்னால வைக்கிறதெண்டா, என்ர மனுசன் குடிக்கேல்லை எண்டு சாட்சி சொல்லுறன் எண்டு அர்த்தம். எனக்குத் தெரியாத ஒண்டுக்கு நான் என்னண்டு சாட்சி சொல்லுறது? சொல்லமாட்டன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. யாகப்பர் வீட்டு நாயும் குரைக்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன் என்பது போதும். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனேன்.

நூறு நாள். ஒரு சொட்டுத் தொடவில்லை. குடித்த காலத்தில் பொய் சொன்னபோது பாதி நாள் தெரிந்தும் பொறுத்துக்கொண்டாள்; குடிக்காமல் உண்மையைச் சொல்கிறேன், நம்பமாட்டாளாம். செய்யாத பிழைக்குத் தண்டனை என்றால் அந்தப் பிழையைச் செய்துவிட்டே வாங்கலாமே என்று நினைத்தபடி நடந்தேன். கால் எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. தவறணை வாசலில் போய் நின்றேன். உள்ளே இருந்து யாகப்பர் கண்டுவிட்டார்.

"வா சீலன், வா! எத்தனை நாளாச்சு!"

நான் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. வேலிக் கம்பைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். உள்ளிருந்து வந்த காற்றில் அதே மணம், என் போத்தலின் மணம். அந்த மணத்தில்தான் மாவின் நினைவு வந்தது. இரண்டரை நாளாகத் தீனி இல்லை. வந்த சண்டையில் இன்றைக்கும் போடவில்லை. போனை எடுத்துப் பார்த்தால் ஐந்தேமுக்கால். இந்த ஆறு மணியையும் விட்டால் திங்கட்கிழமைக்குப் பாண் இல்லை. அந்தோனியார் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில் அந்தப் பசித்த மாதான் என்னைத் திருப்பியது. வீட்டைப் பார்த்து நடந்தேன், பாதி வழியில் ஓடினேன்.

மேசையில் போத்தலைக் காணவில்லை. கொட்டிவிட்டாள் என்று நினைத்தேன். குசினிக்குள் போனால் அன்ரோனெற் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். போத்தல் கழுவித் துடைத்தபடி அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டில் நின்றது. உள்ளே புது மா. றப்பர் வளையம் சரியான மட்டத்தில் மாட்டியிருந்தது.

"ஆறு மணியாச்சு," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "குரக்கன் ஒரு கரண்டி, கோதுமை ரெண்டு கரண்டி, ஆறின தண்ணி. சரியோ?"

"சரி."

"கை வைக்கவேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

"பரவாயில்லை."

அவ்வளவுதான் பேச்சு. அவள் என் கிட்ட வரவில்லை, வாயை மணக்கவும் இல்லை. என்னைப் பற்றி இனி அவளுக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன். பாணைக் கொண்டுபோவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு காலை மா பொங்கியிருந்தது. பின்னேரமும் பொங்கியது. சாஹுல் ஹமீட் நானா சைக்கிளில் வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தார், மணந்தார், தாடியைத் தடவினார். பிறகு, விடிய நாலு மணிக்குப் பேக்கரிக்கு வா, போறணையை மூட்டி வைக்கிறேன் என்றார். பதின்மூன்று பாணுக்கு ஒரு முழுப் போறணையை விறகு போட்டுச் சூடாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் நானா, நான் வீட்டில் சட்டியில் சுடுகிறேன் என்றேன்.

"உனக்காகவெண்டு நினைச்சியோ? போறணை நாலு கிழமையாக் குளிர்ந்து கிடக்கு. ஈரம் ஏறி வெடிச்சா எனக்குத்தான் நட்டம்."

போறணைக்குள் ஈரம் ஏறாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னால் ஏசுவார் என்பதால் விடிய நாலு மணிக்குப் போய் விறகைத் தூக்கிக் கொடுத்தேன். முதல்நாள் இரவே மா பிசைந்து பொங்க வைக்கவும், விடிய உருட்டவும் அவர்தான் காட்டித் தந்தார். பாண் வெளியே வந்தபோது ஒன்பது நன்றாக உப்பியிருந்தன. மூன்று தட்டையாகப் போயிருந்தன. ஒன்று ஒரு பக்கம் வீங்கி, பல்லுவலிக்காரன் கன்னம் மாதிரி இருந்தது. மிஞ்சின மாவில் செய்த குட்டிப் பாண் ஒன்றை நானா பிய்த்து வாயில் போட்டார். 

"புளிப்பு," என்றார். இன்னொரு துண்டு பிய்த்தார். "ஆனா பாண்தான்."

கூடையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அன்ரோனெற் வந்து பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதின்மூன்று. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அறைக்குள் போனாள். அறைக்குள் அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. மேலே இருக்கிற பைகளை எடுக்கிறாள் என்று நினைத்தேன்.  வெளியே வந்தபோது கோயிலுக்குப் போகிற நீலச் சேலை உடுத்தியிருந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துணி. அதைக் கூடைக்கு மேல் விரித்து, நாலு மூலையையும் செருகி, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"வாங்கோ, பூசைக்கு நேரமாகுது."

சிற்றாலயத்தில் அந்த வருஷம் பீடத்தடியில் கூடைகள் அதிகம் இல்லை. எங்கும் மா இல்லாத காலம் அல்லவா. ஒருவர் பிஸ்கட் பெட்டி வைத்திருந்தார், இன்னொருவர் அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்திருந்தார். எங்கள் கூடையைப் பார்த்துப் பாதருக்கே ஆச்சரியம்.

"பாணோ? இந்த நாளையில எங்க வாங்கினீங்கள்?"

அன்ரோனெற் நிமிர்ந்து நின்றாள். கம்பனியில் தட்டைத் தள்ளிவிட்டு "நல்லது" என்று சொல்லும்போது வரும் அதே குரல்.

"வாங்கேல்லை பாதர். என்ர மனுசன் சுட்டவர். நூறு நாளுக்கு மேல குடிக்காம இருக்கிறார். அதுக்குத்தான்."

முன்வாங்கிலிருந்து கடைசி வாங்குவரைக்கும் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாண் எல்லோருக்கும் போனது. மதுஷிகாவின் முன்பள்ளிப் பிள்ளை ஒன்று கடித்துப் பார்த்து, "புளிக்குது ரீச்சர்," என்று முகத்தைச் சுளித்தது. பிறகு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டியது. ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அந்த நேரம் அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும், மா தந்த நானாவுக்கும், கள்ளு விடச் சொன்ன யாகப்பருக்கும்கூட, எனக்கு நன்றி சொல்லவேண்டும்போல இருந்தது.

திரும்பி வரும்போது மதுஷிகா பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டாள். நானும் அன்ரோனெற்றும் கடற்கரை வழியாக நடந்தோம். மனசுக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. அவள் அத்தனை பேருக்கு முன்னால் எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் வைத்திருக்கக்கூடாது.

"சனிக்கிழமை நான் தவறணை வாசல்வரைக்கும் போனனான்," என்றேன். "உள்ளுக்குப் போகேல்லை. ஆனா போனனான்."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"யாகப்பரின்ர மனுசி. ஐஞ்சரைக்கு ஓடிவந்து சொன்னவ, உன்ர மனுசன் அங்க வாசல்ல நிக்குதெண்டு."

நான் நடையை நிறுத்திவிட்டேன். அவள் மா போட்டது ஆறு மணிக்கு.

"அதைக் கேட்ட பிறகோ மா போட்டனீ?"

"ஓம்."

"ஏன்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல ஒரு பார்வை.

"குடிக்காம வாற மனுசனுக்கு மா தேவைப்படுமே," என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூசையில் அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் நின்றபோது ஒரு வார்த்தையும் வராமல் இருந்த நான், அந்தக் கடற்கரையில், வெயிலுக்குள், ஆட்கள் போய்வருகிற வழியில் நின்று என் மனைவிக்கு நன்றி சொன்னேன். வாழ்க்கையில் முதல்தடவை என்பதால் சரியாகச் சொல்ல வரவில்லை. அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.